நறுக்கிய காகிதத்தை மீட்பதும், மீட்க முடியாதபடி நறுக்குவதும்: முழுமையான வழிகாட்டி

அப்பா எனக்கு எழுதிய கடிதம் ஒன்று, பழைய பில் கட்டுக்குள் சிக்கி ஷ்ரெட்டருக்குள் போய்விட்டது. போட்டது நான்தான். இரண்டு தாள், நீல மை, இரு பக்கமும் எழுத்து. கீற்றுக் கீற்றாக வெட்டும் பழைய வகை இயந்திரம் அது. மூன்று மாலை உட்கார்ந்து அந்தக் கடிதத்தை முழுசாகச் சேர்த்துவிட்டேன். கடைசிக் கீற்றை வைத்தபோது வந்த சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை. ஆனால் அன்று இரவே ஒரு பயமும் வந்தது. அதே கூடையில் என் பேங்க் ஸ்டேட்மெண்டும் மருத்துவ அறிக்கையும் கீற்றுகளாகக் கிடந்தன. எனக்கு மூன்று மாலை போதுமென்றால் இன்னொருவருக்கும் போதும்தானே?

அதனால் இந்த வழிகாட்டியில் இரண்டு வேலையையும் சேர்த்தே சொல்கிறேன். துண்டுகளைச் சேர்ப்பவருக்கு மூன்று தடயங்கள் உதவுகின்றன. ஒன்று, துண்டின் ஓரம். இரண்டு, அதன் மேல் உள்ள எழுத்தும் கோடும். மூன்று, எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எது கிடந்தது என்பது. மீட்க வேண்டுமானால் இந்த மூன்றையும் காப்பாற்ற வேண்டும். அழிக்க வேண்டுமானால் மூன்றையும் கெடுக்க வேண்டும். பெரும்பாலான ஷ்ரெட்டர்கள் முதல் தடயத்தை மட்டும்தான் கெடுக்கின்றன.

மீட்கும் முறைகள் உங்கள் சொந்தக் காகிதத்துக்கும், உரியவர் கேட்டுக்கொண்ட காகிதத்துக்கும் மட்டும்தான். அடுத்தவர் குப்பையைக் கிளறுவதற்காக இதை எழுதவில்லை.

முதல் பகுதி: மீட்பது

படி 1: கூடையை அசைக்காதீர்கள்

தவறான தாள் உள்ளே போய்விட்டது என்று தெரிந்த நொடியில் இயந்திரத்தை நிறுத்தி, ப்ளக்கைப் பிடுங்கிவிடுங்கள். தாள் பாதியில் நின்றிருந்தால் ப்ளக்கைப் பிடுங்கும் முன் பின்னோக்கிச் சுற்றும் பொத்தானை அழுத்தி வெளியே எடுக்கலாம். பதற்றத்தில் எல்லோரும் செய்யும் தவறு, கூடையைத் தரையில் கவிழ்த்துக் கொட்டித் தேடுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கடைசியாகப் போன தாள் கூடையில் மேல் அடுக்கில் இருக்கும், அதன் கீற்றுகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்திருக்கும். அந்த வரிசைதான் உங்கள் கையில் இருக்கும் மிகப் பெரிய சொத்து. கொட்டினால் அது ஒரே கணத்தில் போய்விடும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். கூடையை அப்படியே மேசைக்கு நகர்த்தி, மேலிருந்து ஒரு போட்டோ எடுங்கள். வெட்டும் பற்களில் மாட்டிய துண்டுகளையும் மறக்க வேண்டாம். ப்ளக் வெளியே இருக்கும்போது மட்டும், இடுக்கியால் எடுங்கள். விரலை விட வேண்டாம்.

படி 2: அளந்து பார்த்து, முடிவு செய்யுங்கள்

ஒரு துண்டை ஸ்கேலில் வைத்து அளந்து பாருங்கள். ஏ4 தாள் 210க்கு 297 மில்லிமீட்டர். 6 மி.மீ. அகலக் கீற்றாக வெட்டும் இயந்திரம் அதை 35 கீற்றுகளாக்கும். பொறுமை இருந்தால் ஒரு மாலையில் ஒரு தாள் சேர்ந்துவிடும். குறுக்காகவும் வெட்டும் இயந்திரத்தில் 4க்கு 40 மி.மீ. துண்டுகள் வந்தால், தாளுக்குச் சுமார் 390. ஒரே தாள் தனியாகப் போயிருந்தால் கஷ்டம்தான், ஆனாலும் முடியும். 2க்கு 15 மி.மீ. என்றால் 2,000க்கு மேல். ஒரு கையெழுத்து, ஒரு எண், ஒரு முகவரி என்று குறிப்பிட்ட பகுதியை மட்டும் தேடலாம். முழுத் தாளையும் சேர்க்க நினைக்காதீர்கள்.

உட்காருவதற்கு முன் ஒரு கேள்வி. இந்த ஆவணத்தின் நகல் வேறு எங்காவது கிடைக்குமா? சான்றிதழ், ரசீது, ஸ்டேட்மெண்ட் போன்றவற்றைக் கொடுத்த அலுவலகத்திலேயே மறுபிரதி வாங்கிவிடலாம். கையால் எழுதியது, ஒரே ஒரு பிரதி இருப்பது, இவற்றுக்குத்தான் இந்த உழைப்பு தகும்.

படி 3: அடுக்கடுக்காக எடுத்துப் பிரியுங்கள்

மேலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து ஒரு தட்டில் வையுங்கள், தட்டுக்கு எண் போடுங்கள். அடுத்த கைப்பிடி அடுத்த தட்டுக்கு. முதல் தட்டை முடித்த பிறகே இரண்டாவதைத் தொடுங்கள்.

தட்டுக்குள் பிரிக்கும்போது எழுத்தைப் படிக்க முயலாதீர்கள். முதலில் காகிதத்தைப் பாருங்கள். நிறம், தடிமன், கோடு போட்டதா போடாததா, பளபளப்பு உண்டா. பிறகு மையைப் பாருங்கள்: அச்சா, பேனாவா, என்ன நிறம். எல்லாமே வெள்ளைத் தாளாக இருந்து குழப்பினால், அறையை இருட்டாக்கிப் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். தாளுக்கு வெண்மை கூட்டச் சேர்க்கும் பொருள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால், பகல் வெளிச்சத்தில் ஒன்றுபோல் தெரியும் இரண்டு தாள்கள் அந்த ஒளியில் வேறு வேறு நீலமாக மின்னும். எனக்கு மிக அதிக நேரத்தை மிச்சப்படுத்தியது இந்த ஒரு தந்திரம்தான்.

படி 4: ஓரத்திலிருந்து உள்ளே

ஜிக்ஸா புதிரைப் போலவே ஓரத்தில் தொடங்குங்கள். இடது, வலது மார்ஜின் கீற்றுகளில் எழுத்து இருக்காது. கோடு போட்ட தாளானால் மார்ஜின் கோடு உள்ள கீற்று தனியாகத் தெரியும். அப்புறம் தலைப்பு, தேதி, கையெழுத்து உள்ளவை.

இயந்திரம் வெட்டிய கீற்றுக்கு ஓரம் எல்லாம் ஒன்றுபோல நேராக இருக்கும் என்பதால் வடிவம் உதவாது, எழுத்துதான் உதவும். இந்த இடத்தில் தமிழ் நமக்கு ஒரு பெரிய வசதி செய்து தருகிறது. ஒரு கீற்றின் வலது ஓரத்தில் ஒற்றைக்கொம்போ இரட்டைக்கொம்போ தனியாக நின்றால், அதே வரியில் அடுத்த கீற்று ஓர் எழுத்தின் உடலோடுதான் தொடங்கியாக வேண்டும். இடது ஓரம் துணைக்காலோடு தொடங்கினால், முந்தைய கீற்று எழுத்தின் உடலோடு முடிந்திருக்க வேண்டும். 'கொ', 'போ' போன்றவை இரண்டு பக்கமும் கை நீட்டிப் பக்கத்துக் கீற்றைக் கேட்கும். 'ழ', 'ண' போன்ற அகல எழுத்துகள் இரண்டு கீற்றில் பிளந்து கிடக்கும், அவற்றின் சுழி எங்கே முறிந்ததோ அங்கே தொடர வேண்டும். ஒரு கீற்றில் இருபது வரி இருந்தால், பக்கத்துக் கீற்றோடு இருபது இடத்தில் ஒத்துப்போகிறதா என்று சோதிக்கலாம். ஒரு வரி பொருந்துவது தற்செயலாக இருக்கலாம். ஐந்து வரி பொருந்தினால் அது சரியான ஜோடிதான்.

இரு பக்கமும் எழுதிய தாளாக இருந்தால் வேலை இன்னும் உறுதியாகும். முன்பக்கம் பொருந்தியதும் இரண்டு கீற்றையும் சேர்த்துப் புரட்டுங்கள். பின்பக்கமும் பொருந்தியே ஆக வேண்டும். பின்பக்கத்தில் இடம் வலமாக மாறும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நான் முதல் மாலை முழுவதும் அதில்தான் தடுமாறினேன்.

படி 5: ஒட்டும் முன் படமெடுங்கள்

செல்லோ டேப் வேண்டாம். சில வருடங்களில் அது மஞ்சளாகி, பசை காகிதத்துக்குள் ஊறி எழுத்தையும் கெடுக்கும். கறுப்பு அட்டையின் மேல் கீற்றுகளை அடுக்குங்கள், வெள்ளைத் தாளின் இடைவெளி அதில்தான் தெளிவாகத் தெரியும். ஒரு பத்தி சேர்ந்ததும் அதன் மேல் கண்ணாடித் தகடு வைத்து போட்டோ எடுங்கள். முழுத் தாளும் சேர்ந்ததும் இரண்டு ஒளிபுகும் பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவே வைத்து, இரு பக்கமும் ஸ்கேன் செய்யுங்கள். அங்குலத்துக்கு 300 புள்ளி போதும், மங்கிய எழுத்துக்கு 600. நினைவுக்காக வைத்திருக்க ஸ்கேனே போதும் என்றால் ஒட்டவே வேண்டாம். அசலையும் காக்க வேண்டுமானால், ஆவணக் காப்பகங்களில் செய்வதுபோலக் கோதுமை மாச்சத்துப் பசையும் மெல்லிய ஜப்பானியக் காகிதமும் நல்லவை. தண்ணீர் பட்டால் பசை விட்டுவிடும் என்பதால் பின்னாளில் திருத்தவும் வழி இருக்கும்.

படி 6: கணினியைத் துணைக்கு அழைப்பது

துண்டுகள் சில நூறைத் தாண்டினால் கை சோர்ந்துவிடும். தாளில் இல்லாத நிறத்தில், உதாரணமாக அடர் பச்சையில், ஒரு பின்னணி விரித்து, துண்டுகள் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி ஸ்கேன் செய்யுங்கள். படத் திருத்தும் மென்பொருளில் ஒவ்வொரு துண்டையும் தனி அடுக்காக வெட்டி எடுத்து, திருப்பி, நகர்த்தி, பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். காற்று தள்ளாது, தவறு செய்தால் ஒரு பொத்தானில் பின்வாங்கலாம்.

தானாகவே சேர்க்கும் நிரல்கள் எவ்வளவு தூரம் போகும்? 2011-ல் அமெரிக்கப் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா இதற்கென்றே ஒரு போட்டி வைத்தது. நறுக்கிய கையெழுத்து ஆவணங்கள் ஐந்து புதிர்களாக, மொத்தம் 10,000-க்கு மேற்பட்ட துண்டுகள், பரிசு 50,000 டாலர். சுமார் 9,000 குழுக்கள் பதிவு செய்தன. சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த ஒரு சிறு குழு 33 நாளில் ஐந்தையும் முடித்தது. அதற்கு அவர்கள் செலவிட்டது ஏறக்குறைய 600 மணி நேரம். நிரல் 'இந்தத் துண்டுக்கு இவை பொருந்தலாம்' என்று ஜோடிகளைக் காட்டியது, மனிதக் கண் அதில் சரியானதைத் தேர்ந்தெடுத்தது. வீட்டிலும் இதே வேலைப் பங்கீடுதான் உதவும்.

கையால் கிழித்தது இன்னும் எளிது

கிழிசலுக்கு ஒவ்வொரு ஓரமும் தனி வடிவம். நாரும் வெள்ளை விளிம்பும் ஒன்றன் மேல் ஒன்று பூட்டுபோல அமரும். இதற்கு உலகின் பெரிய சாட்சி கிழக்கு ஜெர்மனி. 1989 இறுதியில் ஆட்சி சரிந்தபோது ஸ்டாசி உளவுத்துறையினர் கோப்புகளை அழிக்கத் தொடங்கினார்கள். இயந்திரங்கள் தாங்காததால் கையால் கிழித்துச் சாக்குகளில் அடைத்தார்கள். மக்கள் அலுவலகங்களுக்குள் புகுந்து அதை நிறுத்தியபோது சுமார் 16,000 சாக்குகள் மிஞ்சின. 1995 முதல் ஊழியர்கள் அவற்றைக் கையாலேயே சேர்த்து வந்தார்கள்; 15 லட்சம் பக்கத்துக்கு மேல் மீண்டது. கணினி வழி முயற்சி சுமார் 91,000 பக்கங்களோடு நின்றது. ஒவ்வொரு துணுக்கையும் விரித்து, நேராக்கி, ஸ்கேனரில் வைக்க ஆள் வேண்டியிருந்ததுதான் பெரிய முட்டுக்கட்டை. கையால் சேர்த்தவர்களுக்கு உதவியது எது தெரியுமா? ஒரு கோப்பின் துண்டுகளைக் கிழித்தவர்கள் பெரும்பாலும் ஒரே சாக்கில் போட்டிருந்தார்கள். மூன்றாவது தடயம்.

1979-ல் டெஹ்ரானில் அமெரிக்கத் தூதரகம் கைப்பற்றப்பட்டபோதும் இதுபோல ஒன்று நடந்தது. தூதரக ஊழியர்கள் கடைசி நேரத்தில் கீற்றுகளாக நறுக்கிய ரகசியத் தாள்களைக் கைப்பற்றியவர்கள் பின்னர் பொறுமையாக வரிசைப்படுத்தி, புத்தகத் தொகுதிகளாகவே வெளியிட்டார்கள்.

இரண்டாம் பகுதி: காப்பது

படி 7: எது போக வேண்டும், எது இருக்க வேண்டும்

ஒரு பெட்டி வையுங்கள். நறுக்க வேண்டியது எல்லாம் முதலில் அதில் விழட்டும், ஒரு மாதம் கழித்து ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்த பிறகே இயந்திரத்துக்குப் போகட்டும். என் அப்பாவின் கடிதத்துக்கு நேர்ந்தது, இந்தப் பெட்டி இருந்திருந்தால் நேர்ந்திருக்காது. சொத்துப் பத்திரம், பிறப்பு, இறப்பு, திருமணச் சான்று, கல்விச் சான்று, நடப்பிலுள்ள காப்பீட்டுத் தாள், கடன் முடிந்ததற்கான கடிதம் இவற்றை எந்தக் காலத்திலும் நறுக்க வேண்டாம். வரிக் கணக்குக்கான காகிதங்களைச் சட்டம் சொல்லும் காலம் வரை வைத்திருங்கள்.

பேங்க் ஸ்டேட்மெண்டை எல்லோரும் நறுக்குகிறார்கள். தவறிப்போவது வேறு சில. பார்சல் மேல் ஒட்டிய முகவரிச் சீட்டில் பெயர், முகவரி, போன் எண் மூன்றும் ஒரே இடத்தில் இருக்கும். போர்டிங் பாஸின் பார்கோடில் பதிவு எண் இருக்கிறது. காலாவதியான கார்டு, மருந்துச் சீட்டு, பிள்ளைகளின் பள்ளிப் படிவம், கோணலாக வந்ததால் ஒதுக்கிய அடையாள அட்டை நகல் எல்லாம் இதில் சேரும்.

அடையாள அட்டையின் நகலை யாருக்காவது கொடுக்கும்போது, அதன் குறுக்கே யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். விவரங்கள் மறையாமல், ஆனால் அவற்றின் மேல் ஏறியபடி எழுத வேண்டும்.

படி 8: இயந்திரத்தைத் தேர்ந்தெடுப்பது

விளம்பர வாசகத்தை விட்டுவிட்டு, 'பி' என்ற எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியைப் பாருங்கள். ஜெர்மனியில் டின் 66399 என்று தொடங்கி, இப்போது ஐஎஸ்ஓ 21964 என்று சர்வதேச அளவில் இருக்கும் தரம் அது. பி-1 முதல் பி-7 வரை ஏழு படிகள். பி-2 என்றால் 6 மி.மீ. அகலம் வரை கீற்று, நான் கடிதத்தைச் சேர்த்தது இந்த அளவில்தான். பி-4-ல் ஒரு துண்டு 160 சதுர மி.மீ.க்கு மேல் போகக் கூடாது. பி-5-ல் 30, பி-7-ல் வெறும் 5; அந்தக் கடைசிப் படியில் ஒரு ஏ4 தாள் 12,000-க்கு மேற்பட்ட துணுக்குகளாகிறது.

என் கருத்து இதுதான்: வீட்டுக்குப் பி-4-க்குக் குறைந்து வாங்காதீர்கள். மருத்துவ, பண விவரங்கள் நிறைய வருமானால் பி-5. நுணுக்கமாக வெட்டும் இயந்திரம் ஒரே நேரத்தில் குறைந்த தாள்களைத்தான் விழுங்கும், சீக்கிரம் சூடாகும், அடிக்கடி எண்ணெய் கேட்கும். ஷ்ரெட்டருக்கென்று விற்கும் எண்ணெயை மட்டும் விடுங்கள். ஸ்ப்ரே டப்பாவில் வரும் எண்ணெயின் வாயு தீப்பிடிக்கும். குழந்தைகள் இருக்கும் இடத்தில் எப்போதும் ப்ளக்கைப் பிடுங்கியே வையுங்கள்.

படி 9: தாளை எந்தப் பக்கமாக விடுவது

கையில் கீற்று வெட்டும் இயந்திரம்தான் இருக்கிறது என்றால் இந்தப் படி மிக முக்கியம். தலைப்பகுதி முதலில் போகும்படி விட்டால், ஒவ்வொரு வரியும் 35 துண்டாகும். பக்கவாட்டில் விட்டால் கத்தி வரிக்கு இணையாக ஓடும், ஒவ்வொரு கீற்றிலும் ஒரு முழு வரி அப்படியே இருக்கும், சேர்க்கவே தேவையில்லை. 2012-ல் நியூயார்க்கின் நன்றி தெரிவிக்கும் நாள் ஊர்வலத்தில் மேலிருந்து தூவப்பட்ட காகிதத் துண்டுகளில் பக்கத்திலுள்ள நாசாவ் (Nassau) கவுண்டி காவல்துறையின் ஆவணக் கீற்றுகளும் கலந்திருந்தன. கீழே நின்றவர்கள் கையில் எடுத்து, சமூகப் பாதுகாப்பு எண்களையும் (அமெரிக்கர்களின் அடையாள எண்) வண்டி எண்களையும் வாசித்தார்கள்.

படி 10: கலந்து, பிரித்து அனுப்புங்கள்

ஒரே ஒரு தாளை நறுக்கி அப்படியே குப்பையில் போடாதீர்கள். அதே மாதிரி வெள்ளைத் தாளில், அதே மாதிரி அச்சில் உள்ள வேண்டாத பக்கங்களை முன்னும் பின்னும் விடுங்கள். செய்தித்தாள் இதற்கு உதவாது, நிறத்திலேயே பிரித்துவிடலாம். கூடை நிறைந்ததும் கையுறை போட்டு அடி மேலாகக் கிளறுங்கள். பிறகு பாதியை இந்த வாரமும் பாதியை அடுத்த வாரமும் அனுப்புங்கள். முதல் பகுதியில் காப்பாற்றச் சொன்ன அடுக்கு வரிசை இத்தனைக்கும் பிறகு மிஞ்சாது.

இயந்திரம் இல்லாவிட்டால்

தண்ணீர்தான் நல்ல வழி. ஸ்டேப்பிள், பிளாஸ்டிக் ஜன்னல் உள்ள கவர், பளபளத் தாள் இவற்றை ஒதுக்கிவிட்டு, மற்றதைக் கிழித்து வாளியில் போட்டு வெந்நீர் ஊற்றி ஓர் இரவு ஊற விடுங்கள். காலையில் கட்டையால் நன்றாகக் குத்திக் கூழாக்கி, பிழிந்து உருட்டிக் காயவையுங்கள். லேசர் பிரிண்டரின் டோனர் பிளாஸ்டிக் என்பதால் தண்ணீரில் கரையாது. நார்கள் பிரியும் வரை குத்துவதில்தான் எல்லாம் இருக்கிறது, ஊறவைத்தால் மட்டும் போதாது.

எரிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். புகை, தீ ஆபத்து ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கட்டாகப் போட்டால் உள்ளே காற்று போகாமல் நடுத்தாள்கள் ஓரம் மட்டும் கருகி மிஞ்சும். முழுக்கக் கருகிய தாளிலும் எழுத்தை அகச்சிவப்பு ஒளியில் வாசிக்கும் முறை தடயவியலில் நெடுநாளாக இருக்கிறது.

கறுப்பு மார்க்கரால் அடிப்பதும் அரைகுறைதான். தாளைச் சாய்த்துப் பிடித்தால் டோனரின் பளபளப்பு மார்க்கருக்கு அடியில் தெரியும். மறைத்த தாளைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், மறைத்த பிறகு ஒரு நகல் எடுத்து, அதில் ஒன்றும் தெரியவில்லை என்று பார்த்துவிட்டு நகலைக் கொடுங்கள். கணினியில் பிடிஎஃப் மேல் கறுப்புப் பெட்டி வரைவது இதைவிட மோசம். பல நேரம் எழுத்து அடியில் அப்படியே இருக்கும், காப்பி செய்து ஒட்டினால் வந்துவிடும்.

படி 11: காகிதத்துக்கு வெளியே தங்கும் நகல்கள்

தாளை நறுக்கிவிட்டு அதன் நிழலை மறந்துவிடுகிறோம். குறிப்பேட்டில் எழுதிக் கிழித்தால் அடுத்த தாளில் பேனாவின் அழுத்தம் பதிந்திருக்கும். டார்ச்சைப் பக்கவாட்டில் தாழ்வாக அடித்தாலே சில வார்த்தை தெரியும், தடயவியல் கூடங்களில் நிலைமின் முறையில் பல தாள் கீழே பதிந்ததையும் எடுத்துவிடுகிறார்கள். எண்ணோ கடவுச்சொல்லோ எழுதும்போது தாளைத் தனியாக எடுத்துக் கண்ணாடி போன்ற கெட்டியான பரப்பில் வைத்து எழுதுங்கள்.

கார்பன் தாள், ஃபேக்ஸின் மை நாடா இரண்டிலும் முழுப் பக்கமும் படிந்திருக்கும், இவையும் நறுக்க வேண்டியவையே. அலுவலகங்களில் உள்ள பெரிய நகலெடுக்கும் இயந்திரங்கள் பலவற்றுக்குள் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. நகலெடுத்த பக்கங்கள் அதில் தங்கலாம். இயந்திரத்தை விற்கும் முன்பும் திருப்பிக் கொடுக்கும் முன்பும் அதை அழிக்கச் சொல்லி எழுத்தில் வாங்குங்கள். அச்செடுக்க அனுப்பிய ஃபைல், போனில் எடுத்த போட்டோ, அது தானாக இணையத்தில் போய்ச் சேரும் கிளவுட் நகல் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து நீக்குங்கள்.

படி 12: நீங்களே சோதியுங்கள்

கூடையைக் கட்டும் முன் கண்ணை மூடி ஒரு கைப்பிடி எடுத்து, கறுப்பு அட்டையில் பரப்பிப் பத்து நிமிடம் பாருங்கள். ஒரு முழுப் பெயரோ, தொடர்ந்து நான்கு இலக்கமோ வாசிக்க முடிந்தால், அல்லது இரண்டு துண்டை உங்களால் சேர்க்க முடிந்தால், அந்தக் கூடை இன்னும் வெளியே போகத் தயாராகவில்லை. வாளியில் வெந்நீரை ஊற்றுங்கள்.